பச்சைமரக் கடற்படை

என்னால் சும்மா உட்கார முடியாது. பஸ் நிற்பதற்கு முன்பே படியில் இறங்கி நிற்பவன் நான். உலை கொதிக்கும் முன்பே தட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன். அப்படிப்பட்டவனுக்கு வேலை வாய்த்ததோ, வானம் தெளியட்டும் என்று காத்துக் கிடப்பதே பிழைப்பாக உள்ள இடத்தில்.

பெயர் கண்ணாயிரம். ஊர் படவேடு. காவலூர் வானாய்வுக் கூடத்துப் பட்டறையில் ஃபிட்டர். தொலைநோக்கிகளுக்கு வேண்டிய பல்சக்கரம், தாங்கி, மூடி எல்லாம் கடைந்து கொடுப்பது என் வேலை. வேலை என்னவோ எனக்கு உயிர்தான். ஆனால் ஆவணியில் மலை மேல் மேகம் வந்து குந்தியது என்றால் மார்கழி வரை எழுந்திருக்காது. அந்த மாதங்களில் எங்கள் குடியிருப்பில் ஆளாளுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒருவர் சீட்டாடுவார், ஒருவர் ஜாதகம் எழுதுவார். எனக்குப் பிடித்தது கப்பல்.

கப்பலுக்கு வருவதற்கு முன் என் மனைவி காந்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

காந்தா வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் சத்துவாச்சாரியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் ஒற்றை அறையில் இருந்தாள். நான் மலையில் குவார்ட்டர்ஸில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆலங்காயத்தில் பஸ் மாறி நான் போவேன், இல்லாவிட்டால் அவள் வருவாள். சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிக்கிற பேச்சு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும் வரைக்கும் ஒரே பேச்சுதான். யார் யாரிடம் வந்து சேருவது?

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசம் அந்தப் பேச்சு முற்றிவிட்டது. ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருந்து எனக்கு வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. நவம்பர் பதினைந்துக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் வேலூரில் குடித்தனம் வைக்கலாம். ஆனால் என் லேத்தை விட்டு, இந்தக் குளிரை விட்டு, சங்கு ஊதினால் உள்ளே போய்ச் சங்கு ஊதினால் வெளியே வருகிற வேலைக்கு நான் போக வேண்டும். இல்லை என்றால் அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்கு வர வேண்டும். அந்த வேலை கிடைக்க அவள் ஆறு வருஷம் காத்திருந்தவள். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தால் சண்டை முடியாது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கப்பல் வந்த கதை இது. அதற்கு முந்தின வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு விஞ்ஞானி மூன்று வாரத்துக்கு வந்தார். மூன்று வாரமும் மேகம் மூடியே இருந்தது. மனிதர் பாட்டில் மூடித் தக்கைகளை இரண்டாகப் பிளந்து மேஜையில் வரிசையாக வைத்து, பழைய காலத்துத் துடுப்புக் கப்பல் சண்டை ஆடுவார். எதிராளி வேண்டுமே, கை சும்மா இருந்த ஆள் நான். அவர் ஊரில் இதற்கென்றே ஈயத்தில் வார்த்த குட்டிக் கப்பல்கள் விற்பார்களாம். ஒரு கப்பலின் விலை என் ஒரு நாள் சம்பளம். ஊருக்குப் போகும்போது விதிகளை சைக்ளோஸ்டைலில் அடித்த ஒரு சிறு புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம், காந்தா அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். முழுவதும் படித்தாள்.

"இதுல இடிக்கறதுதான் சண்ட. இதெல்லாம் யவனன் பழக்கம்," என்றாள். "நம்மாளுங்க கடாரத்துக்குக் கப்பல்ல போனாங்களே, அதுக்கு இப்பிடி ஒண்ணும் இல்லியா?"

"நம்ம கப்பலு எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லு, நான் செய்யறேன்."

"அது யாருக்கும் சரியாத் தெரியாதுங்க. கல்வெட்டுல கலம்னுதான் கீது. பாய்மரம் எத்தினி, பாய் எத்தினின்னு எழுதி வைக்கல."

"அப்ப நான் செய்யறதுதான் சோழர் கப்பலு."

அவள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பேசிப் பேசி ஒண்ணும் ஆவல. இதுலயே முடிவு பண்ணிக்கலாமா? தோத்தவங்க ஜெயிச்சவங்க ஊருக்கு வந்துடணும். அதுக்கப்புறம் பேச்சே கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. சரி என்றேன். சோழர் படை அவளுக்கு, கடாரத்துத் துறைமுகம் எனக்கு. ஆளுக்கு இருபது கப்பல், முதலில் படை முழுக்க முடங்கியவர் தோற்றவர்.

அன்றைக்கே எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

நாற்பது கப்பலுக்கு மரம் வேண்டும். எங்கள் கட்டட வேலைக்குக் கூலிக்கு வருகிற தீர்த்தகிரி என்பவன் மலைக்காரன், என் வயதுதான் இருக்கும். சாமை விதைத்துவிட்டால் அறுப்பு வரை இங்கே வேலை செய்வான். அவனிடம் கேட்டேன். மறுநாளே வெட்பாலை மரத்தில் தொடை பருமனுக்கு ஒரு கிளையைக் காட்டினான். வெள்ளையான மரம், வெண்ணெய் போல இழைபடும், பொம்மை செய்கிறவர்கள் தேடிப்போகிற மரம்.

"தேய்பிறை வரட்டும் சாரு, வெட்டித் தரேன்," என்றான்.

"அதுக்கு எத்தினி நாளு கீது?"

"தோ, பத்து நாளு. வெட்டி எங்க வூட்டுல அடுப்பு மேல பரண்ல போட்டு வைக்கறேன். ஒரு போகம் புகையில கெடக்கட்டும். அப்பறமா எடுத்து இன்னா வேணும்னாலும் செய்யுங்க. ஏரு செய்யறதுன்னாலும் நாங்க அப்பிடித்தான்."

ஒரு போகமாம். அதற்குள் நவம்பர் போய் அடுத்த நவம்பர் வந்துவிடும். நான் இரும்பு வேலைக்காரன். கம்பெனியில் இருந்து கம்பி வரும், லேத்தில் மாட்டுவேன், கடைவேன், சாயங்காலம் பொருள் ரெடி. இரும்பைப் பரணில் போட்டுப் புகை காட்டிக் காத்திருந்தவன் உலகத்தில் உண்டா? பூச்சி அரிக்கும் என்று பயந்து சொல்கிறான், ஏழு வாரத்துக்குள் எந்தப் பூச்சி அரிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானமே நானே அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். தீர்த்தகிரி கிளையைத் தூக்க ஒரு கை கொடுத்தான், வெட்டின இடத்தில் பால் வடிவதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தான்.

அடுத்த பத்து நாள் போல நான் சந்தோஷமாக இருந்த நாள்கள் குறைவு. ஒரு கப்பல் இரண்டு அங்குல நீளம். அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தேன். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, முடி அளவு கூட விடவில்லை. அகலம் ஏன் முக்கியம் என்றால் அந்த விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி உண்டு. எதிரியின் இரண்டு கப்பல்களுக்கு நடுவே உன் கப்பல் எதிலும் படாமல் புகுந்து போய்விட்டால், அந்த இரண்டு கப்பலின் துடுப்பும் ஒடிந்ததாகக் கணக்கு. அவை அப்புறம் நகர முடியாது. உடம்பு பட்டால் புகுந்தது செல்லாது, புகுந்த கப்பலே போயிற்று.

தரையில் நிற்கப்போகிற கப்பலுக்கு அடிவயிறு எதற்கு? தண்ணீர் மட்டத்தோடு அறுத்துத் தட்டையாக விட்டேன். பாய்மரம் விளக்குமாற்று ஈர்க்கு. பாய்க்கு, பட்டறையில் கழித்துப் போட்ட வரைபடக் காகிதம். பக்கவாட்டில் கேடயம் பளபளக்க வேண்டும் அல்லவா, அதற்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். துடுப்பு ஒட்டினால் உடையும் என்று ஊசியால் கீறி வரியாக விட்டேன். பசைக்குப் புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சினேன், மலையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? சோழர் கப்பலுக்கு, இரும்பில் அடித்து மிச்சமான செங்காவி பெயின்ட். என் கப்பலுக்குக் கறுப்பு. காந்தா கேட்டுக்கொண்டபடி அவளுடைய ஒவ்வொரு கப்பலின் முகப்பிலும் இரண்டு கண் வைத்தேன், அதற்குக் குண்டூசித் தலை.

கடலுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். வேலூர் சந்தையில் ஒரே மாதிரி நீலக் கட்டம் போட்ட லுங்கி இரண்டு வாங்கினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. நீளவாட்டில் கட்டத்துக்கு எண், குறுக்கே எழுத்து. இந்தக் கப்பல் இந்தக் கட்டத்துக்குப் போனது என்று கார்டில் எழுதினால் எதிராளி தன் லுங்கியில் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு படையும் ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டால் தபாலை நிறுத்திவிட்டு நேரில் உட்கார்ந்து ஆட வேண்டும். தீபாவளிக்குள் அது நடந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

புரட்டாசி முதல் வாரம் அவளுடைய இருபது கப்பலையும் பஞ்சு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தாள். அந்த அறையில் மேஜை கிடையாது. அப்போது அவள் கல்யாண மோதிரத்தில் உள்பக்கம் கறுப்பு நூல் ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கவலை எல்லாம் பாய்மரம் சாயாமல் நிற்கிறதா என்பதில் இருந்தது.

"சண்ட முடியற வரைக்கும் நான் வரமாட்டேன்," என்றேன் கிளம்பும்போது. "எதிரி நாட்டுக்குப் போவக் கூடாது, தெரியுமில்ல?"

பெரிய தமாஷ் சொன்ன மாதிரி நான்தான் சிரித்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆறு வாரம் ஆவுங்க," என்றாள். ஆகட்டும் என்றேன்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அந்த வருஷம் காய்ந்ததெல்லாம் வேலூருக்கு, பெய்ததெல்லாம் எங்களுக்கு. குவார்ட்டர்ஸ் கதவு உப்பிப்போய் உதைத்தால்தான் திறக்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும். என் கடாரத்துப் படை கெட்டுப்போகக் கூடாது என்று பட்டறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தேன். நகர்த்துகிற போது மட்டும் வெளியே எடுப்பேன்.

கார்டு போக மூன்று நாள், வர மூன்று நாள். அந்த ஆறு நாளில் நான் பட்ட பாடு! மத்தியானம் தபால் கொண்டுவருகிற வீரன் என்ற ஆளைப் பார்க்க அரை மைல் எதிர்கொண்டு போவேன். கார்டு திறந்த கடிதம் அல்லவா, நான் படிப்பதற்கு முன்பே அவன் படித்திருப்பான். "சார், டீச்சரம்மா பதினஞ்சி கப்பல தெக்கால வுட்டுட்டாங்க," என்று தூரத்திலேயே சொல்லுவான். மலை முழுக்கத் தெரிந்துவிட்டது.

காந்தாவின் கார்டுகள் சுருக்கமாக இருக்கும். கப்பல் எண், கட்டத்தின் எண், எழுத்து. கடைசியில் ஒரு வரி. 'இங்கே வெயில் தாங்கவில்லை.' 'நேற்றும் தூக்கம் இல்லை.' 'மழை உங்களுக்கு மட்டும்தானா?' நான் கட்டங்களை மட்டும் படித்தேன். கடைசி வரியை, போர்க்காலத்தில் எதிரி நம்மை இளக்கப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட புத்திசாலி நான்.

என் திட்டம் ஒன்றே ஒன்று. துறைமுக வாயில் என்பது, லுங்கியின் ஓரத்தில் கரையாக வைத்த இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட. அதில் இருபது கப்பலையும் ஒரே வரிசையாக மூக்கு வெளியே பார்க்க நிறுத்திவிடுவது. கப்பலும் கப்பலும் ஒட்டி நின்றால் சிக்கிக்கொண்டதாகக் கணக்கு, ஆகவே இடைவெளி விட வேண்டும். எவ்வளவு விடலாம்? பித்தளைத் தகட்டில் பதினொன்றரை மில்லிமீட்டருக்கு ஓர் அளவுத்துண்டு ராவி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கப்பல் பதினொன்றரையில் எப்படிப் புகும்? புக முடியாது. நேருக்கு நேர் வந்து இடித்தால் தாயக்கட்டை உருட்டித்தான் முடிவு, அதில் நிற்கிறவனுக்கே சாதகம். உட்கார்ந்த இடத்தில் ஜெயம். சும்மா உட்காரத் தெரியாத நான் வாழ்க்கையில் முதல் முறையாக, உட்கார்ந்து ஜெயிக்கிற திட்டம் போட்டேன்.

தீபாவளி வெள்ளிக்கிழமை வந்தது. காந்தா வியாழக்கிழமையே வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் கப்பல் பெட்டி. பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு மாதிரி லேசாக இறங்கினாள். நான் பெட்டியைத்தான் முதலில் வாங்கினேன்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அவள் சுட்ட அதிரசத்தைத் தின்று முடித்ததும் முன்னறையில் லுங்கியை விரித்தோம். தீர்த்தகிரி வந்திருந்தான். அதிரசத் தட்டோடு கதவோரம் உட்கார்ந்தான்.

"நான் எதுக்குன்னா, சண்டயில யாராவது அழுதா வெலக்கி வுடறதுக்கு," என்றான்.

என் வரிசையை நிறுத்தினேன். ஒவ்வோர் இடைவெளியிலும் பித்தளைத் துண்டை வைத்துப் பார்த்து நிறுத்த அரை மணி நேரம் ஆனது. காந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"டீச்சரம்மா, கன்னத்துல கை வைக்காதீங்க. கப்பலு கவுந்துடும்," என்றான் தீர்த்தகிரி. அவள் கையை எடுத்துவிட்டாள்.

அவள் படை சிவப்பாக வந்து எதிரே நின்றது. முதல் கப்பலை என் வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"பூந்துடும் போல கீதுங்க," என்றாள்.

"பூராது."

"தள்ளிப் பாக்கட்டுமா?"

"தாராளமா. பட்டா உன் கப்பலு போச்சி."

ஒற்றை விரலால் பின்னாலிருந்து தள்ளினாள். சிவப்புக் கப்பல் என் இரண்டு கறுப்புக் கப்பலுக்கு நடுவே நுழைந்தது. இந்தப் பக்கமும் படவில்லை, அந்தப் பக்கமும் படவில்லை. வரிசைக்குப் பின்னால் போய் நின்றது. குண்டூசிக் கண் இரண்டும் கடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் அடுத்ததைத் தள்ளினாள். அதுவும் போயிற்று. மூன்று, நான்கு, ஐந்து. என் பத்துக் கப்பலுக்குத் துடுப்பு ஒடிந்தது.

நான் எழுந்து வெர்னியரை எடுத்துவந்தேன். அவள் கப்பல் ஒன்றை அளந்தேன். பதினொன்று புள்ளி இரண்டு. இன்னொன்று. பதினொன்று புள்ளி ஒன்று. என்னுடையதை அளந்தேன். பதினொன்று புள்ளி ஒன்பது.

"தேச்சிட்ட," என்றேன்.

"இன்னாது?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்க. பன்னெண்டு குடுத்தேன் நான். வெர்னியர் வச்சி அளந்து குடுத்தேன். இது எப்பிடிப் பதினொண்ணாச்சி? ஜெயிக்கணும்னு தேச்சி எடுத்துனு வந்துட்ட. டீச்சரு வேல பாக்கறவ."

சொல்லி முடித்ததும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. தோன்றி என்ன? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தேய்த்திருந்தால் பெயின்ட் போயிருக்கும், ஊசியால் கீறின வரி போயிருக்கும். இரண்டும் நான் வைத்தது வைத்தபடி இருந்தன. என் கையில் இருந்த கப்பலிலேயே இருந்தன. எண்ணைப் பார்த்தேனே தவிரக் கப்பலைப் பார்க்கவில்லை.

காந்தா அழவில்லை, கத்தவில்லை. ஒரு கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தீர்த்தகிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு சிவப்புக் கப்பலையும் ஒரு கறுப்புக் கப்பலையும் எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் வைத்து எடை பார்த்தான். சிவப்பைத் திருப்பி அடிப்பக்கம் காட்டினான். மரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

"எவனும் தேய்க்கல சாரு. பச்ச மரம், பாலு வடிய வடிய வெட்னீங்களே. காஞ்சா சுருங்காம இன்னா பண்ணும்? நீட்டுல சுருங்காது, அகலத்துல சுருங்கும். எங்கூட்டுக் கொழந்தைக்கும் தெரியும்."

"அப்ப என்து ஏன் சுருங்கல?"

"உங்குது மழையில, டப்பாக்குள்ள மூடிக் கெடந்துச்சி. பச்ச பச்சயாவே கீது, மோந்து பாருங்க." கறுப்புக் கப்பலை என் மூக்கருகே நீட்டினான். ஊறின மரத்தின் வாடை அடித்தது. "ஒரு போகம் காய வையுங்கன்னு சொன்னேன். கேக்கல."

பதறாத காரியம் சிதறாது என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தச் சுவர் ஓரமாக ஐந்து வருஷம் உட்கார்ந்து படித்தவன் நான்.

"அந்த ஷீட்டு வூட்டுல அப்பிடித்தாங்க," என்றாள் காந்தா, மடியில் இருந்த கப்பலிடம் பேசுகிற மாதிரி. "மத்தியானத்துல உள்ள நிக்க முடியாது. ஞாயித்துக்கெழமைன்னா கோட்டைக்குப் போயி மரத்தடியில ஒக்காந்துப்பேன். பொழுது சாஞ்சாத்தான் வூட்டுக்குப் போறது. இதுங்க ஜன்னல்ல கெடந்து காஞ்சிச்சி. எனக்குத் தெரியல, சுருங்குச்சின்னு."

"சாப்பாடு?"

"ஒருத்திக்கு இன்னாத்த சமைக்கறது. டீ குடிச்சிட்டுப் படுத்துக்குவேன்."

அப்போதுதான் கப்பலைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தேன். புரட்டாசியில் பார்த்தபோது மோதிரத்தில் ஒரு சுற்று நூல் இருந்தது. இப்போது மோதிரத்தின் பாதிக்கு மேல் நூலாக இருந்தது. வளையல் முழங்கையருகே ஏறிக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இந்தக் கை என் கண் முன்னால்தான் இருந்தது. அதிரசம் தட்டினது, எண்ணெய் எடுத்துக் கொடுத்தது, கன்னத்தில் இருந்தது.

"மோதரத்துல இன்னாத்துக்கு நூலு?" என்று கேட்டேன்.

"கழண்டு கழண்டு வுழுதுங்க."

"எப்பலர்ந்து?"

"ஆடியிலர்ந்து." மோதிரத்தைத் திருகிக்கொண்டாள். "நீங்க பாத்தீங்களே. கப்பலு குடுக்க வந்தப்ப பாத்தீங்க. கேப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மரத்தில் முக்கால் மில்லிமீட்டர் குறைந்ததற்கு ஊரைக் கூட்டினவன், கட்டின பெண்டாட்டி கண் முன்னால் இளைத்துப் போனதை ஆறு வாரம் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கையில் வெர்னியர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதிரசத் தட்டில் வைத்தேன்.

"நான் தோத்துட்டேன் காந்தா," என்றேன்.

"இன்னும் முடியலியே. உங்குது பத்துக் கப்பலு நல்லாத்தான் கீது. அதுவுமில்லாம இது சரியான ஆட்டம் இல்லீங்க, அளவு மாறிப்போச்சி. திரும்ப ஆடலாம்." அவள் நியாயஸ்தி. சந்தேகத்துக்கு இடமான ஜெயத்தைத் தொட மாட்டாள்.

"அளவு மாறுனது என்னால. செஞ்சவன் நான். தேச்சிட்டன்னு சொன்னவனும் நான்."

"அத வுடுங்க."

"வுட முடியாது."

விதிப் புத்தகத்துக்கு அடியில் ராணிப்பேட்டைக் கம்பெனியின் உத்தரவு மூன்று மாதமாக மடித்தபடி கிடந்தது. எடுத்தேன். பாய் வெட்டி மிச்சமான வரைபடக் காகிதம் ஒன்று இருந்தது, அதன் பின்புறம் எழுதினேன். பதினைந்தாம் தேதி வந்து சேர்கிறேன், இப்படிக்குக் கண்ணாயிரம். மூன்றே வரி. லேத்தை நினைத்துக்கொண்டேன், அதன் கைப்பிடி என் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேன். நினைத்தால் பேனா நிற்கும் என்று தெரிந்ததும் நினைப்பதை நிறுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

காந்தா வாங்கிப் படித்தாள். நல்ல தாளில் எழுதக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. அதை ஓர் உறையில் போட்டு விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டினேன்.

"தீர்த்தகிரி, போற வழியில கேட்டாண்ட இருக்கற தபால் பொட்டியில இத போட்டுட்டுப் போ," என்றேன்.

"தீவாளி சாரு இன்னிக்கி. எவனும் எடுக்க மாட்டான். நாளைக்கும் எடுக்கறானோ இல்லியோ."

"எடுக்காட்டிப் போவுது. உள்ள வுழட்டும்."

"நாளைக்குப் போட்டா ஆவாதாங்க?" என்றாள் காந்தா. "ராத்திரி நல்லா யோசிச்சிட்டு..."

"ஆவாது," என்றேன்.

என் அவசரத்தை எனக்குத் தெரியும். மரத்தைக் காய விடாமல் வெட்டினதும் அதுதான், வாய்க்கு வந்ததைச் சொன்னதும் அதுதான். அது ஒரு நல்ல காரியமும் செய்யட்டும் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க யோசித்தால் காலையில் மலை அழகாக இருக்கும், மேகம் விலகியிருக்கும், பட்டறையிலிருந்து ஆள் கூப்பிடுவான்.

தீர்த்தகிரி கடிதத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, உப்பின கதவை உதைத்துத் திறந்து தூறலில் இறங்கிப் போனான். பெட்டியில் அது விழுகிற சத்தம் இங்கே கேட்காது, தெரியும். ஆனாலும் காது கொடுத்து நின்றேன். பிறகு உள்ளே போய் அரிசி களைந்து, இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.